முதலில் மன்னிப்பு, அப்புறம் படம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. நான் யாரையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. ஒரு இனத்தைப் பற்றி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

பாராட்டுக்கு ஏங்குகிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். சில வீடுகளில் எல்லாருமே அப்படித்தான். நான் சொல்ல வருவது வேறு ரகம். இவருக்குப் பாராட்டு வேண்டாம், பரிசு வேண்டாம், கைதட்டல் வேண்டவே வேண்டாம். யாராவது தன்னை எதிர்க்க வேண்டும், கண்டிக்க வேண்டும், தடை கேட்டுத் தெருவில் நின்று கத்த வேண்டும், முடிந்தால் ஜன்னலைப் பார்த்து ஒரு சின்னக் கல்லாவது விட்டெறிய வேண்டும். எதிர்ப்பு விரும்பி என்று இந்த இனத்துக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

கண்டுபிடிப்பது சுலபம். ஓட்டலில் சுவரோரமாக, வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். தெருவில் நடக்கும்போது அடிக்கடி திரும்பிப் பார்ப்பார். பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் முகம் வாடிவிடும். யாரோ தெரியாமல் இவர் எண்ணுக்கு போன் போட்டு, "சாரி, ராங் நம்பர்" என்று வைத்துவிட்டால், "ஆரம்பிச்சுட்டாங்க" என்று பக்கத்திலிருப்பவரிடம் கிசுகிசுப்பார். "இதை நான் சொன்னதா வெளிய சொல்லிடாதீங்க" என்பார். அப்படி என்னதான் சொன்னார்? சாயங்காலம் மழை வரும்போலிருக்கிறது என்றார்.

எனக்குத் தெரிந்த எதிர்ப்பு விரும்பியைத் தெருவில் எல்லாரும் டைரக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தமாக ஒரு படக் கம்பெனி. யாருக்கும் கைகட்டி நிற்காத, எந்தப் பெரிய முதலாளியும் எட்டிப் பார்க்காத, சுதந்திரமான கம்பெனி. அதில் மொத்தம் மூன்று பேர். டைரக்டர், எடிட்டரான அவர் மனைவி, கேமராமேனான மனைவியின் தம்பி. தம்பிக்கு ஃபோகஸ் என்று பட்டப்பெயர். யாரைப் படம் பிடித்தாலும் ஆள் மங்கலாகவும் ஆளுக்குப் பின்னால் இருக்கிற சுவர் பளிச்சென்றும் விழும் என்பதால் வந்த பெயர்.

கம்பெனி இருப்பது மாமனாருடைய மெத்தைக் கடைக்கு மேல் மாடியில். வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்க அறையின் நாலு சுவரிலும் மெத்தைகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லாம் மாமனார் கொடுத்தவை. விற்பனைக்குத் திரும்பிப் போக வேண்டியவை என்பதால் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது. அதனால் அந்த அறையில் யார் சாய்ந்தாலும் ஒரு கிறீச் சத்தம் கேட்கும். வெளிச் சத்தம் நின்றுவிட்டது, உள்சத்தம் ஆரம்பித்துவிட்டது. பரவாயில்லை, எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு.

கம்பெனி எடுப்பது இரண்டு வகை. ஒன்று, சிரிப்பு வீடியோ. வாடகை வீட்டில் மாட்டிக்கொண்டு முழிக்கிற ஒருவனும் சிடுசிடு வீட்டு ஓனரும் அடிக்கிற கூத்து. குடித்தனக்காரன் டைரக்டர்; ஓனர் வேறு யாருமில்லை, மாமனாரேதான். நிஜத்தில் ஒரு பூனையைக்கூட அதட்டத் தெரியாத மனுஷர் கேமரா முன்னால் வந்து, "யாரைக் கேட்டு ஆணி அடிச்சே?" என்று கண்ணை உருட்டினால் ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பஸ் ஸ்டாப்பில் சின்னப் பிள்ளைகள் அவரைப் பார்த்து, "ஓனர்! ஆணி அடிக்கட்டுமா?" என்று கத்துவார்கள். அவர் கூச்சத்தோடு கண்ணை ஒருமுறை உருட்டிக் காட்டிவிட்டுப் போவார்.

டைரக்டருக்கு அந்தச் சிரிப்பு ஒரு பொருட்டா? "சிரிக்க வைக்கறது யாரு வேணா செய்யலாம். முறைக்க வைக்கணும்!" என்பார். அதற்காகத்தான் இரண்டாவது வகை. சர்ச்சைக்குரிய ஆவணப்படம்.

லிஃப்டைப் பற்றி ஒன்று எடுத்தார். 'மேலே போவது யார்?' என்று தலைப்பு. இருட்டு, சிவப்பு விளக்கு, இதயம் துடிக்கிற இசை. மெக்கானிக்குகள் கொதித்தெழுவார்கள் என்று காத்திருந்தார். அவர்கள் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அடுத்து மூக்குக்கண்ணாடிக் கடைகளைக் கிழித்துத் தொங்கப்போட்டு ஒரு படம். எந்தக் கடையைக் குறிவைத்தாரோ அந்தக் கடைக்காரரே வாசலில் டிவி வைத்து வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். படத்துக்குக் கீழே ஜனங்கள் எழுதியதாவது: 'நல்ல உபயோகமான தகவல். ஓனர் வீடியோ அடுத்தது எப்போ?'

உபயோகமான தகவல்! நெஞ்சில் கத்தியை இறக்கினால்கூட டைரக்டர் தாங்கியிருப்பார்.

இந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. படம் எடுக்கும் முன்பே மன்னிப்பு வீடியோவை எடுத்துவிடுவார்கள். படம் வெளியாகி, ஊர் கொந்தளித்து, வாசலில் கூட்டம் கூடி நிற்கும்போது நிதானமாக லைட் வைத்துக்கொண்டிருக்க முடியுமா? முகமும் களைத்துப்போயிருக்கும். அதனால் தெம்பாக இருக்கும்போதே மன்னிப்பைக் கேட்டு வைத்துவிடுவது. அதற்கென்றே ஒரு சாம்பல் நிறச் சட்டை இருந்தது. துவைத்தது, ஆனால் இஸ்திரி போடாதது. தலையை நன்றாக வாரிவிட்டு அப்புறம் அக்கறையாகக் கலைப்பார்கள். மேஜையில் பாதி குடித்த தண்ணீர். "என் படைப்பால் யாருடைய மனமாவது..." என்று ஆரம்பித்து, 'மனமாவது' என்கிற இடத்தில் குரல் உடைய வேண்டும். ஒரே டேக்கில் உடைந்ததே இல்லை.

"அத்தான், கண்ணீர் வந்துச்சு. ஆனா ஃபோகஸ்ல வரல. இன்னொரு தடவை அழுங்களேன்" என்பான் தம்பி.

டைரக்டர் முகம் சுளிக்காமல் இன்னொரு தடவை அழுவார். கலைஞன் அல்லவா!

அப்படி எடுத்த மன்னிப்புகள் அலமாரியில் வரிசையாகத் தூங்கின. ஒன்றைக்கூட வெளியிடச் சந்தர்ப்பம் வரவில்லை. லிஃப்ட் மன்னிப்பு, மூக்குக்கண்ணாடி மன்னிப்பு... கேட்பாரில்லாத மன்னிப்பைவிடப் பரிதாபமான பொருள் உலகத்தில் உண்டா?

ஒருநாள் சுவர் மெத்தையில் சாய்ந்து யோசித்துக்கொண்டிருந்தவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. அறை கிறீச்சிட்டது.

"மெத்தை! மனுஷன் வாழ்க்கையில மூணுல ஒரு பங்கை எது மேல கழிக்கறான்? அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாராவது கேட்டாங்களா?"

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பாவைப் பத்தியா எடுக்கப் போற?"

"ஒரு தொழிலைப் பத்தி. உங்கப்பா அதுல ஒரு ஆளு. உண்மைக்கு மாமனார் கிடையாது."

அன்றைக்கே மன்னிப்பை எடுத்தார்கள். இந்த முறை வசனத்தில் ஒரு புது வரி சேர்ந்தது. "குறிப்பாக, என்னைப் பெற்ற தந்தைக்கும் மேலான என் மாமனாரிடம்..." அந்த இடத்தில் கண்ணீர் தானாகவே வந்துவிட்டது. ஃபோகஸிலும் விழுந்துவிட்டது. நல்ல சகுனம்!

அப்புறம் படப்பிடிப்பு. பட்டப்பகலில் ஜன்னலையெல்லாம் சாத்தி இருட்டாக்கி, கையுறை மாட்டிக்கொண்டு, பெரிய கத்தியால், கீழே கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு மெத்தையைக் கிழித்தார் டைரக்டர். உள்ளே, உறைமேல் என்ன எழுதியிருந்ததோ அதுவே இருந்தது. இன்னொன்றைக் கிழித்தார். அதிலும் அப்படியே. கை ஓயும்வரை கிழித்துப் பார்த்தார். அறையெல்லாம் பஞ்சு பறந்தது. தம்பி தும்மித் தும்மி கேமராவே ஆடியது. குற்றம் மட்டும் அகப்படவில்லை. மனிதர்கள் இவ்வளவு நேர்மையாக இருந்தால் ஒருவன் எப்படித்தான் ஆவணப்படம் எடுப்பது?

மாமனாரின் பேட்டிதான் கடைசி நம்பிக்கை. அவர் மகள் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் வஞ்சனையில்லாமல் பதில் சொன்னார். எந்த மெத்தை எத்தனை நாளில் அமுங்கும், எதை வாங்கக் கூடாது, தன் கடையிலேயே எது மட்டம், எல்லாம். பேட்டி முடிந்தது.

"மாமா, அப்படியே கொஞ்சம் பேசாம உக்காந்திருங்க" என்றார் டைரக்டர். "ரூமோட சத்தத்தை மட்டும் பிடிச்சுக்கணும்."

படத் தொழிலில் இது ஒரு சடங்கு. ஆளில்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டாம். அதைத் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பேச்சை வெட்டி ஒட்டிய இடங்களில் போட்டு நிரப்பலாம். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது, அசையக் கூடாது. மாமனார் மாப்பிள்ளை சொன்ன சொல்லைத் தட்டாதவர். மூச்சைக்கூட அடக்கி விட்டார். எச்சில் விழுங்கினார். கைகளைப் பார்த்தார். மூக்கின் மேல் பஞ்சு ஒன்று வந்து உட்கார்ந்தது. தட்டிவிட வேண்டும் போலிருந்தும் தட்டாமல் கண்ணை மட்டும் கொட்டினார். தம்பி கேமராவை நிறுத்த மறந்திருந்தான்.

அந்தத் துண்டைத் திரையில் பார்த்ததும் டைரக்டர் துள்ளி எழுந்தார். புதையல்! உடனே மைக்கை எடுத்து, கம்பீரமான குரலில் ஒரு கேள்வியைப் பதிவு செய்தார். "இத்தனை வருஷத்தில் நீங்கள் யாரையும் ஏமாற்றியதே இல்லையா?" அதற்குப் பதிலாக அந்த மௌனம். விழுங்கல். குனிந்த பார்வை. கண்கொட்டல். அடியில் இதயத் துடிப்பு இசை.

மனைவி பார்த்தாள். இசையை நிறுத்தினாள்.

"அப்பாகிட்ட இதை நீங்க கேக்கவே இல்ல. ரூம் சத்தத்துக்காக அவர் பேசாம உக்காந்திருந்தாரு."

அவள் தொழிலில் அவரை 'நீ' என்றுதான் பேசுவாள். 'நீங்க' வந்துவிட்டால் நிலைமை சரியில்லை என்று அர்த்தம். டைரக்டருக்கு அது உறைக்கவில்லை.

"சர்ச்சைன்னா இப்படித்தான்..."

"இதை எடுத்துடுங்க."

"உண்மைக்கு மாமனார்..."

"கிடையாது. தெரியும். அப்ப உண்மைக்கு எடிட்டரும் கிடையாது, பொண்டாட்டியும் கிடையாது. இது வெளிய போச்சுன்னா நான் இந்த மாடிப்படி ஏற மாட்டேன்."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே போய்க் கடைக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டாள். இவர் அசைந்தாரா? முதல் எதிர்ப்பே வீட்டுக்குள்ளிருந்து வந்துவிட்டதென்றால் படம் அபாரமாக வந்திருக்கிறது என்று அர்த்தமில்லையா? தானே உட்கார்ந்து மிச்ச வேலையை முடித்தார். எதையும் பெயர் வைத்து ஒழுங்காக அடுக்குகிறவள் கீழே இருந்தாள். அதனால் கணினியில் 'கடைசி' என்று ஒன்று, 'இதுதான் கடைசி' என்று ஒன்று, 'சத்தியமா கடைசி' என்று ஒன்று கிடந்தன. மூன்றில் ஒன்றை வெளியிட்டார். போனை அணைத்தார். சுவருக்கு முதுகைக் கொடுத்து, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

தம்பி படியேறி ஓடி வந்தான். "அத்தான்! எல்லாரும் திட்டறாங்க!"

"நிஜமாவா?"

"கன்னாபின்னான்னு திட்டறாங்க!"

டைரக்டர் குதித்தார். மச்சானைக் கட்டிக்கொண்டு சுற்றினார். இந்தச் சுவரில் மோதினார், அந்தச் சுவரில் மோதினார். எங்கே மோதினாலும் வலிக்காத அறை. கிறீச் கிறீச் என்று அதுவும் சேர்ந்து கொண்டாடியது.

என்ன திட்டு! எத்தனை விதமான திட்டு! 'இப்படி ஒரு படத்தை எடுக்க எப்படி மனசு வந்தது' என்று ஒருவர். 'மன்னிப்பு கேட்டால் ஆச்சா' என்று ஒருவர். 'மன்னிப்பு கேட்டிருக்கவே கூடாது, கலைஞன் தலைவணங்கலாமா' என்று இன்னொருவர். தலையணை வியாபாரிகள் சங்கம் அவசரமாகக் கூடி, மெத்தையைச் சொன்னது தங்களையும் சொன்னதுதான் என்று கண்டனம் தெரிவித்தது. ஒரு விமர்சகர், முதல் பாதி விறுவிறுப்பு, பின்பாதியில் தொய்வு என்று எழுதினார். டிவியில் நாலு பேர் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டார்கள். அதில் ஒருவர் படத்தைப் பாதியில் எழுந்து வந்துவிட்டதாக அடித்துச் சொன்னார். கடை வாசலில் நிஜமாகவே ஒரு கூட்டம் கூடிவிட்டது. எதிர்க்கிறவர்கள் ஒரு பக்கம், ஆதரிக்கிறவர்கள் ஒரு பக்கம். கால் வலிக்குமே என்று மாமனார் இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கொரு மெத்தையை இழுத்துப் போட்டார். கோஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து சிலர் கண்ணயர்ந்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு புண்ணியவான் வீடியோவுக்குக் கீழே கேட்டிருந்தார்: 'எல்லாம் சரி, படம் எங்கே இருக்கிறது?'

தம்பி திரையைப் பார்த்தான். டைரக்டரைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

"அத்தான்... நாம படத்தைப் போடவே இல்ல. மன்னிப்பைத்தான் போட்டிருக்கீங்க."

வேறு யாராக இருந்தாலும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். எதிர்ப்பு விரும்பியின் முகத்திலோ பிரகாசம். "அப்ப படமே இல்லாம இவ்வளவா!"

"போட்டுடாதீங்க அத்தான். போட்டா எல்லாம் போயிடும். அதுல ஒண்ணுமே இல்லையே!"

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம். டைரக்டர் ஆவலோடு எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். வந்தது கூட்டமல்ல, மாமனார். மகள் படியேற மாட்டேன் என்றவள், அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் பின்னாலேயே ஏறி வந்து கதவருகே நின்றாள்.

"என்ன மாப்ள, எங்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்கீங்களாமே? வர்றவங்கல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஆறுதல் சொல்றாங்க. என்ன நடந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியல." அவர் குரலில் கோபமே இல்லை. "பார்த்தேன். கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. எப்ப எடுத்தீங்க அதை?"

இந்த இடத்தில் டைரக்டர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். படம் வெளியே போகவில்லை. யாருக்கும் சேதமில்லை. ஆனால் தொழிலைப் பற்றி ஒருவர் ஆர்வமாகக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா?

"படம் எடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டோம் மாமா!" என்றார் பெருமையாக. "அதுதான் எங்க வழக்கம்."

"முன்னாடியேவா?" மாமனார் கொஞ்சம் யோசித்தார். "அப்ப எனக்கு வருத்தமா இருக்கும்னு முன்னாடியே தெரியும்."

யாரும் சாயவில்லை, அதனால் கிறீச் சத்தமும் இல்லை.

"படத்தைப் போடும்மா" என்றார் மாமனார் மகளிடம்.

போட்டாள். தன் கடை மெத்தைகள் கிழிபடுவதை அவர் அமைதியாகப் பார்த்தார். தன் பேட்டி வந்தபோது சட்டைக் காலரைத் தடவிக்கொண்டு லேசாகச் சிரித்தார். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. அதற்குப் பதிலாக, மூக்கில் பஞ்சோடு அவர் முகம்.

"நீங்கதானே மாப்ள பேசாதீங்கன்னீங்க?"

அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் பேசவில்லை. எச்சில் விழுங்கினார். கைகளைப் பார்த்தார். திரையில் பார்த்தது அப்படியே நேரில் நடந்தது. ஆனால் இது அறைச் சத்தத்துக்காக அல்ல என்று டைரக்டருக்குத் தெரிந்தது. ஆயுசு முழுக்க எதற்காக ஏங்கினாரோ அது கடைசியில் கிடைத்துவிட்டது. ஒரு மனிதரின் மனம் இவர் படத்தால் நிஜமாகவே புண்பட்டுவிட்டது. அது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"மாமா... என் படைப்பால யாருடைய மனமாவது..." பழகிய வாய் தானாக ஆரம்பித்தது.

"யாருடைய மனமாவதா?" என்றாள் மனைவி கதவருகிலிருந்து. "யாருதுன்னு தெரியாதா?"

வசனம் நின்றுபோனது. அடுத்த வரி வரவில்லை. மூக்கிலிருந்து ஒழுகியது, துடைக்கக் கைக்குட்டை இல்லை, குரல் உடைய வேண்டிய இடத்தில் உடையாமல், சம்பந்தமில்லாத இடத்தில் கீச்சென்றது. "தப்புப் பண்ணிட்டேன் மாமா. நீங்க நான் சொன்னேன்னு உக்காந்திருந்தீங்க. நான்... சே!" என்று மெத்தையில் தலையை முட்டிக்கொண்டார். அது வலிக்கவும் இல்லை. பாவம், அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

மாமனார் எழுந்து வந்து மாப்பிள்ளையின் தோளில் கைவைத்தார். "விடுங்க. அழாதீங்க."

அறையே நெகிழ்ந்து நின்ற அந்த நேரத்தில் மூலையிலிருந்து தம்பியின் குரல்.

"அத்தான், கேமரா ஓடிக்கிட்டிருக்கு. கூட்டம் மேல வந்தா எடுக்கலாம்னு போட்டேன், நிறுத்த மறந்துட்டேன். இதுவரைக்கும் கேட்டதுலேயே இதுதான் பிரமாதமான மன்னிப்பு."

மனைவி டைரக்டரையே பார்த்தாள். இந்த ஒரு நொடியில் தன் எடிட்டரும் பெண்டாட்டியும் நிற்பார்களா போவார்களா என்பது முடிவாகப் போகிறதென்று அவருக்கு நன்றாகத் தெரியும். பல்லைக் கடித்தார். கண்ணை மூடினார். தன்னால் ஆனமட்டும் அடக்கிப் பார்த்தார்.

"ஃபோகஸ்ல விழுந்துச்சா?" என்றார்.

"இல்ல அத்தான். பின்னாடி மெத்தைதான் பளிச்சுனு இருக்கு."

முதலில் சிரித்தது மாமனார். சிரித்துச் சிரித்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு வீட்டு ஓனர் மாதிரி கண்ணை உருட்டி, "யாரைக் கேட்டு அழுதே?" என்றார். மனைவி சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள்; முடியவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மௌனத்தை வெட்டி எறிந்து, அது இருந்த தடமே தெரியாமல் அழித்துவிட்டுத்தான் திரும்பினாள். "நகரு, வெளிச்சத்தை மறைக்கிற" என்றாள். 'நீ' திரும்பி வந்துவிட்டது. டைரக்டருக்கு உயிரும் திரும்பி வந்தது.

படம் இன்றுவரை வெளியாகவில்லை. அதைப் பார்த்தவர்கள் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறார்கள். மன்னிப்புச் சட்டை இப்போது கேமராவின் கண்ணைத் துடைக்க உதவுகிறது.

நல்லவேளை, நமக்கும் இந்த மாதிரி ஆட்களுக்கும் சம்பந்தமில்லை என்று பெருமூச்சு விடுகிறீர்களா? விடுங்கள். ஆனால் போன வாரம் கொழுந்தியாளின் புதுப்புடவையைப் பற்றியோ, சகலையின் புது வீட்டைப் பற்றியோ, பக்கத்து மேஜைக்காரரின் வழுக்கையைப் பற்றியோ ஒன்று சொன்னீர்களே, அதை எப்படி ஆரம்பித்தீர்கள் என்று கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். "தப்பா நெனச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றுதானே? வலிக்கும் என்று தெரிந்து, மன்னிப்பை முதலில் கேட்டு வைத்துவிட்டு, அப்புறம் நிம்மதியாகக் கத்தியை எடுத்தீர்கள். சாம்பல் நிறச் சட்டை ஒன்றுதான் பாக்கி.

என்மேல் கோபம் வருகிறதா? வரக் கூடாதே. இந்தக் கட்டுரையின் முதல் வரியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.